மூச்சின் வால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. சிறுவர் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டது இரண்டு பக்கக் கட்டுரை. 'மூச்சு: சில சொற்கள், சில அடிப்படைச் செய்திகள்' என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும், படத்துக்கு இடம் விட வேண்டும், பயமுறுத்தக் கூடாது. இவ்வளவுதான் அவர் போட்ட நிபந்தனை.

உட்கார்ந்து எழுதினேன்:

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகிறார். இதற்காக அவர் முயற்சி எதுவும் செய்ய வேண்டியதில்லை. இதற்காக யாரும் அவருக்குச் சம்பளமும்

அங்கே கை நின்றுவிட்டது. சம்பளம் என்ற சொல் அறிவியல் கட்டுரைக்குள் எப்படி வந்தது? வரவழைத்தது யாரென்று எனக்குத் தெரியும். மூச்சு விடுவதற்குச் சம்பளம் வாங்கிய ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். என் சித்தி, அம்மாவின் தங்கை.

சினிமாவில் கதாநாயகி பேசுவது வேறொருத்தியின் குரல், பாடுவது இன்னொருத்தியின் குரல் என்பது உங்களுக்குத் தெரியும். பேச்சும் பாட்டும் இல்லாத இடங்களில் அவள் ஓடுகிறாள், விம்முகிறாள், தூங்குகிறாள், தண்ணீரிலிருந்து தூக்கப்பட்டு இருமுகிறாள். அந்த மூச்சையும் யாராவது விட வேண்டுமே. சில வருஷங்கள் அதை விட்டவள் சித்தி. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு 'மூச்சம்மா' என்று பெயர். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் மட்டும் அவள் பெயர் எப்போதும் கிடையாது.

2

கதை என்று ஆனபின் அதற்கொரு தொடக்கம் வேண்டும். நான் எழுதிப் பார்த்தவற்றை அழிக்காமல் அப்படியே விடுகிறேன்.

(அ) மழையில் ஓடிவந்த அந்தப் பெண்ணின் மூச்சு அவளுடையது அல்ல.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வரியில் கொலை விழும்போல ஒரு வாடை. வேண்டாம்.

(ஆ) சித்திக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சின் மேல் ஒரு

ஒரு மண்ணும் இல்லை. நம் எல்லோரையும்போல அவளும் தன் பாட்டுக்கு விட்டுக்கொண்டிருந்தாள்.

(இ) அன்று லிஃப்ட் ஓடவில்லை.

இதுதான் சரி, நடந்ததும் இதுதான். கூடப் படித்தவள் ஒருத்திக்குக் குரல் தேர்வு. தனியாகப் போகப் பயந்துகொண்டு சித்தியைத் துணைக்கு இழுத்துப்போனாள். கூடம் கட்டடத்தின் உச்சி மாடியில். தோழி ஒல்லி, துள்ளிக்கொண்டு ஏறிவிட்டாள். சித்தி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி, மூச்சு வாங்க ஒலிப்பதிவு அறையின் வாசலில் போய் நின்றாள்.

[சித்தி பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். எழுதி முடித்த தாள்களை ஒவ்வொன்றாக வாங்கிப் படிக்கிறாள். "அவ ஒல்லின்னு எழுதினா, நான் குண்டுன்னு தானே அர்த்தம்?" என்று இப்போதுதான் கேட்டாள்.]

உள்ளே கதாநாயகி ஓடும் காட்சி. வசனம் பேச வந்த பெண்மணி பெரிய கெட்டிக்காரி, ஆனால் மூச்சிரைக்கச் சொன்னால் கொல்லன் துருத்தி மாதிரி ஊதினாள். திரும்பத் திரும்ப ஊதித் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள்.* அவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கனமான கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஹெட்ஃபோன் மாட்டிய ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார்.

"யாரு அது, வாசல்ல மூச்சு வாங்குறது?"

எல்லோரும் திரும்பினார்கள். "ஸாரி சார். லிஃப்ட் ஓடல," என்றாள் சித்தி.

"பேசாதீங்க. அப்படியே உள்ள வாங்க. மூச்சை நிறுத்திடாதீங்க."

"நிறுத்தினா செத்துருவேனே சார்."

அறை முழுக்கச் சிரித்தது. ஒலிப்பதிவாளர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

* தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும். கரியமில வாயுவைக் கழிவு என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம், பாவம். மூச்சை அடக்கும்போது 'விடு, விடு' என்று உள்ளிருந்து முட்டுவதும் பெரும்பாலும் அதுதான்.

3

அந்த வேலையை அவள் எப்படிச் செய்தாள் என்பதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு அவள் மேல் பிடிப்பு வராது.

ஓடும் காட்சிக்கு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தின் மேல் நின்ற இடத்திலேயே ஓடுவாள். தூக்கத்துக்கு நிஜமாகவே படுத்துக்கொள்வாள். ஒருமுறை தூங்கியே போய்விட்டாள், அந்த மூச்சைத்தான் படத்தில் வைத்தார்கள். அழுகைக்கு வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொள்வாள். "சிரிப்புன்னா மூச்சு துண்டு துண்டா வெளிய போகும். அழுகைன்னா துண்டு துண்டா உள்ள வரும். அவ்வளவுதான் வித்தியாசம்," என்பாள். அறிவியல்படி முழுக்கச் சரியில்லை, பாதிக்கு மேல் சரி.

வீட்டில் பயிற்சி நடக்கும். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, "உங்க வீட்டுல யாருக்காவது முடியலையா?" என்று பதறினாள். "முடியாம இல்ல, அவ ஆபீஸ் வேலை பாக்குறா," என்றாள் என் அம்மா. பக்கத்து வீட்டு அம்மா அதன்பிறகு எங்களோடு கொஞ்சம் அளந்துதான் பேசினாள். என் அப்பாவுக்கும் கிண்டல்தான். சித்தி வேலையிலிருந்து வந்ததும், "என்னம்மா, இன்னிக்கு மூச்சு விட நேரம் இருந்துச்சா?" என்பார். "இன்னிக்கு அது மட்டும்தான் அத்தான் செஞ்சேன்," என்பாள்.

இந்த இடத்தில் கட்டுரைக்காகக் குறித்து வைத்திருந்த சொற்களைச் சேர்த்துவிடுகிறேன், வீணாக்க மனசில்லை. பெருமூச்சு, விம்மல், விக்கல், கேவல், கொட்டாவி, குறட்டை, செருமல், இரைப்பு. இத்தனையும் சித்தி கையாண்ட சரக்கு. தமிழில் இன்னொரு விசித்திரம் பாருங்கள். காற்றை உள்ளே இழுப்பதையும் வெளியே அனுப்புவதையும் சேர்த்து 'மூச்சு விடுதல்' என்கிறோம். 'மூச்சு வாங்குகிறது' என்றால் ஏதோ கஷ்டம். விட்டால் சுகம், வாங்கினால் சிரமம். ரகசியத்தைக் காப்பாற்றச் சொல்லும்போதும் 'மூச்சு விடாதே' என்றுதான் சொல்கிறோம்.

4

இப்போது ஒலிப்பதிவாளர். இவரை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. ரொம்ப நல்லவராக வந்துவிடுவார்போலத் தெரிகிறது, அப்படி வந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே குறைகளையும் சொல்கிறேன். சிடுமூஞ்சி. பேசினால் முகத்தைப் பார்க்கமாட்டார். யாராவது பக்கத்தில் பிஸ்கட் தின்றால் எழுந்துபோய்விடுவார், அந்தக் கடக் முடக் சத்தம் தாங்காது. கூடத்தில் எல்லோரும் அவரைக் 'காது' என்றார்கள், நேரில் 'காது சார்'.

அவரும் சித்தியும் கண்ணாடிக்கு இருபுறமும் இருந்தார்கள். அவர் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் அவர் குரல் இவளுக்குக் கேட்கும். இவள் மூச்சோ அவருக்கு எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருக்கும். காலையில் அழுதுவிட்டு வந்தாளா, பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தாளா, சாப்பிடாமல் வந்தாளா என்று எல்லாமே அவர் காதுக்குத் தெரியும். "இன்னிக்குச் சாப்பிட்டுட்டு வந்து பண்ணுங்க" என்று பொத்தானை அழுத்திச் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்.

ஒருநாள், வேலை முடிந்து எல்லோரும் டீக்குப் போனபோது, அவர் சித்தியை நிறுத்தினார்.

"உங்க மூச்சோட வால்ல ஒரு விசில் இருக்கு."

"என்ன சார்?"

"விட்டு முடிக்கிற இடத்துல. ரொம்பச் சின்னதா. டாக்டரைப் பாருங்க."

"மைக்ல தூசி இருக்கும் சார்."

"மைக்க நேத்துதான் துடைச்சேன்."

சித்திக்கு உள்ளுக்குள் தெரியும். குளிர்நாளில் நெஞ்சில் கயிறு கட்டினாற்போல இருக்கும், படுத்தால் பூனை சீறுவதுபோல உள்ளே கேட்கும். டாக்டரிடம் போனால் அதற்கு ஒரு பெயர் வைப்பார். பெயர் வந்துவிட்டால் இரைப்பு உள்ளவளை மூச்சுக்கு யார் கூப்பிடுவார்கள்? முன்பு ஒரு கம்பெனியில் தட்டச்சு செய்த வேலைக்கே திரும்ப வேண்டியதுதான். அங்கே எட்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தபோது அவள் இருப்பதையே யாரும் கவனித்ததில்லை. இங்கே ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு அவளைக் கேட்கிறார்.

"சார், யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க," என்றாள்.

அவர் விடவில்லை.

5

இந்தப் பகுதியை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலில் நிறைய அழுகை. அடுத்ததில் நிறைய மருத்துவம். மூன்றாவதைச் சித்தி படித்துவிட்டு, "இவ்வளவு நேரமா ஆச்சு? சட்டுனு முடிஞ்சுது," என்றாள். சட்டென்று சொல்கிறேன்.

ஒலிப்பதிவு அறைக்குப் புதுக் கம்பளம் போட்டிருந்தார்கள். பசை வாடை போகவில்லை. அன்றைக்குக் கதாநாயகி சாகும் காட்சி. வசனம் கிடையாது, முகத்துக்கு நெருக்கத்தில் கேமரா, வெறும் மூச்சு. டைரக்டர் கண்ணாடிக்குப் பின்னால், காது சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் படம் ஓடத் தொடங்கியது, சித்தி மூச்சைத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் அது அவள் கையை விட்டுப் போய்விட்டது. உள்ளே போன காற்று வெளியே வர மறுத்தது.* தோள் இரண்டும் காதுவரை ஏறின. விசில் இப்போது வாலில் இல்லை, மூச்சு முழுக்க விசிலாக இருந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அய்யோ, என்ன நடிப்பு!" டைரக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "நிறுத்திடாதீங்க சார், போகட்டும், போகட்டும்!"

காது சார் ஒலிநாடாவை நிறுத்தினார். ஹெட்ஃபோனைக் கழற்றிக்கூட வைக்கவில்லை, வயரோடு பிய்த்துக்கொண்டு எழுந்தார். கதவைத் திறந்து அவளை வெளியே தாங்கிக்கொண்டுவந்து மாடிப்படியில் உட்காரவைத்தார். முன்னால் குனிந்து முழங்காலில் கையை ஊன்றச் சொன்னார்.

"பேசாதீங்க. விடுறதை மட்டும் பாருங்க. மெதுவா விடுங்க. உதட்டைக் குவிச்சு விடுங்க."

அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். சித்தி, "எனக்கு அதெல்லாமா நினைவிருக்கும், எனக்கு உயிர் போயிட்டிருந்துச்சு," என்பாள். தெருமுனை மருத்துவமனையில் முகமூடி வைத்து மருந்தைப் புகையாகக் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் மூச்சு வழிக்கு வந்தது. நோய்க்குப் பெயரும் வந்தது.

* நுரையீரலுக்கு உள்ளே போகும் சின்னக் குழாய்கள் வீங்கிச் சுருங்கிவிடுகின்றன. காற்றை இழுப்பதைவிட வெளியேற்றுவதுதான் பெரும்பாடு. பார்க்கிறவர்கள் 'காற்று போதவில்லை' என்று நினைப்பார்கள். உள்ளே பழைய காற்று நிரம்பிக் கிடக்கும், புதிய காற்றுக்குத்தான் இடம் இருக்காது. [பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது என்றார் ஆசிரியர். இது அவருக்குப் போகாது.]

6

சித்தி வீட்டில் படுத்திருந்த அந்த வாரத்தில் கூடத்தில் ஒரு சண்டை நடந்தது. நாடாவில் பதிந்தவரைக்கும் போதும், இதைவிட நல்ல சாவு கிடைக்காது, அப்படியே படத்தில் சேர்க்கலாம் என்றார் டைரக்டர். காது சார் அந்தப் பகுதியை அழித்துவிட்டார். கூடத்தின் முதலாளி அன்றைக்கே அவரைப் போகச் சொன்னார்.

போகிற வழியில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தார். அவர் செய்த காரியத்தைக் கேட்டதும் சித்தி எழுந்து உட்கார்ந்தாள். கதாசிரியராக நான் எதிர்பார்த்தது கண்ணீர். அவள் சொன்னது வேறு.

"அழிக்க உங்களுக்கு யாரு உரிமை கொடுத்தது?"

"அது நடிப்பு இல்லம்மா. நீங்க செத்துட்டு இருந்தீங்க."

"சாகல இல்ல? அப்ப அது வேலைதான்."

"அதைக் கொட்டகையில எல்லாரும் உக்காந்து பாக்குறதா?"

"இத்தனை நாளும் எதைப் பாத்தாங்க? எல்லாம் என் மூச்சுதானே? நல்லா வந்ததை மட்டும் அழிச்சிட்டு வந்திருக்கீங்க. எனக்குன்னு என்ன மிச்சம் சார் இருக்கு?"

அவருக்குப் பொத்தான் இல்லாமல் பேசிப் பழக்கம் கிடையாது. பழப் பையை வைத்துவிட்டுப் போனார். "அவர் உன் உயிரைக் காப்பாத்தினவர்டி," என்றாள் அம்மா. "காப்பாத்தினதுக்கு நன்றி. அழிச்சதுக்குக் கோபம். ரெண்டும் வேற வேற அக்கா," என்றாள் சித்தி. பழத்தை மட்டும் விடவில்லை, ஒரே நாளில் தின்று தீர்த்தாள்.

வாசகரே, இங்கே எனக்கு ஒரு குழப்பம். இந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இளமையில் அவர் பக்கம் நின்றேன். நானே எழுதத் தொடங்கி, நான் எழுதியதை ஒருவர் என் நன்மைக்காக வெட்டியபோது, சித்தி பக்கம் வந்துவிட்டேன். நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம், கதை அதனால் மாறப்போவதில்லை.

7

மாறியது வேறு ஒன்றால்.

உறிஞ்சும் இன்ஹேலர் மருந்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சித்தி வேலைக்குத் திரும்பினாள். அவள் பயந்ததுபோல யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புது ஆள். கலகலப்பானவர், நன்றாகப் பேசுவார், பிஸ்கட்டும் தின்பார். ஒரே தடவையில் "ஓகேம்மா, சூப்பர்!" என்பார். சித்திக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்படிப் பதிந்த முதல் படம் வெளியானதும், வழக்கம்போல அக்காவும் தங்கையுமாகப் பகல் காட்சிக்குப் போனார்கள். ஒரு காட்சியில் கதாநாயகி ஜன்னலோரம் தூங்குகிறாள். இசை இல்லை. கொட்டகை அமைதியாக இருந்தது. மூச்சு ஏறியது, இறங்கியது, இறங்கி முடியும் இடத்தில் ஒரு சின்ன விசில்.

சித்தி அக்காவின் கையைப் பிடித்தாள். "கேட்டியா?"

"என்னது?"

"வால்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. சித்திக்குக் கேட்டது, அதோடு இன்னொன்றும் புரிந்தது. அந்த விசில் தொடங்கியது காது சார் டாக்டரைப் பாருங்கள் என்று சொன்ன நாளில் அல்ல. அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே அவள் நெஞ்சில் அது இருந்தது. இருந்தும், அந்தக் குளிர்காலத்தில் பதிந்த படங்கள் ஒன்றிலும் அவள் அதைக் கேட்டதில்லை, எல்லாவற்றையும் இதே மாதிரி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். எல்லோரும் வீட்டுக்குப் போனபின் பிளேடும் கையுமாக உட்கார்ந்து, நாடாவில் அவளுடைய ஒவ்வொரு மூச்சின் வாலையும் நறுக்கி ஒட்டியிருக்கிறார் மனிதர். முதலாளி காதில் விழக் கூடாது, இவள் வேலை போய்விடக் கூடாது என்று.

"எத்தனை மாசம் வெட்டினாரோ," என்றாள் இருட்டில். பிறகு, "தெரிஞ்சும் சொல்லாம வெட்டிக்கிட்டே இருந்திருக்கார், பாரு. முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா டாக்டர்கிட்ட போயிருப்பேன்ல?" என்றாள். பிறகு அழுதாள். அந்த அழுகையில் மூச்சு உள்ளே வந்ததா வெளியே போனதா என்று அம்மா கவனிக்கவில்லை.

8

காது சார் அப்போது கடைத்தெருவில் ஒரு சின்ன இடத்தில் ரேடியோவும் ஒலிபெருக்கியும் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். சித்தி ஒரு மத்தியானம் கடைக்குப் போனாள். அவர் யாருடைய ரேடியோவையோ பிரித்து வைத்திருந்தார். இவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், வெளியே தெருச் சத்தம் அதிகம்.

உள்ளே என்ன பேசினார்கள்?

அம்மா சொல்வது: "நறுக்குனு நாலு கேள்வி கேட்டிருப்பா. அவர் தலையைக் குனிஞ்சிருப்பார்." அம்மா அங்கே இல்லை.

நான் எழுதிப் பார்த்தது: 'இனிமே என் மூச்சுல எதையும் வெட்டாதீங்க' என்றாள். இது ரொம்ப அழகாக இருக்கிறது, சினிமா வசனம் மாதிரி. அந்தக் காலத்துப் பெண் கடைத்தெருவில் இப்படியா பேசுவாள்?

இன்னொன்று: இருவரும் பேசவே இல்லை, அவர் வெறுமனே

இதையும் பாதியில் விட்டேன்.

பேசியது எதுவானாலும், பிறகு நடந்ததை மறைக்க என்ன இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அவர் எனக்குச் சித்தப்பா ஆனார். சித்தி இன்னும் சில வருஷம் மூச்சு விட்டாள், பிறகு நிறுத்தினாள். அதாவது, சம்பளத்துக்கு விடுவதை. சண்டை மட்டும் தீரவில்லை. அழித்த நாடாவைப் பற்றி மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லிக்காட்டுவாள், அவரும் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டால் இருவருமே எழுந்து போய்விடுவார்கள். வேறொருத்தியின் மூச்சில் அந்தக் கதாநாயகி தனியாகச் செத்துக்கொண்டிருப்பாள்.

இதை எழுதும் இந்த மத்தியானத்தில் சித்தப்பா சாய்வு நாற்காலியில் தூங்குகிறார். குறட்டை உண்டு. தூக்கத்தில் சிலருக்கு மூச்சு சற்று நேரம் நின்று நின்று வரும், அது அவருக்கும் இருக்கிறது. டாக்டர் ஒரு கருவி கொடுத்திருக்கிறார். பகல் தூக்கத்துக்கு எதற்கு என்று மாட்டிக்கொள்ளமாட்டார்.

கடைசித் தாளைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, "கடையில நீ என்னதான் சொன்னே சித்தி? முடிவு இல்லாம நிக்குது," என்றேன்.

"இரு," என்று விரலை உயர்த்தினாள்.

குறட்டை நின்றிருந்தது. சித்தி தாளைக் கீழே வைக்கவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். வாசலில் ஒரு சைக்கிள் போனது. குழாயில் தண்ணீர் சொட்டியது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இங்கே நிறுத்தினால் பிரமாதமான முடிவு என்று எனக்குள் இருக்கும் டைரக்டர் நாற்காலி நுனிக்கு வருகிறார். அவர் பேச்சை நான் கேட்கப்போவதில்லை. சித்தப்பாவுக்கு மூச்சு வந்தது. ஒரு பெரிய உறுமலோடு வந்தது, வந்து ஒழுங்காக ஓடத் தொடங்கியது.

சித்தி கண்ணைத் திறந்தாள். "ம், இப்ப கேளு. என்னமோ கேட்டியே?"

நான் கேட்கவில்லை. நீங்கள் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் மெதுவாக, தூங்குகிறார்.